மசியாத பின்சக்கரம்

"ஹப்ப வெட்டிடலாம் ப்ரான். ரெண்டு நிமிஷ வேலை."

"கிரைண்டர கீழ வை மெர்வ். ஆக்சில்ல பட்டுச்சுன்னா அடுத்து உன் ஷூவத்தான் வெட்டுவேன்."

என் அண்ணன் மெர்வ் சிரித்தான். ஷெட் வாசலில் டிரெய்லர்மேல் சாய்ந்திருந்த கீத்தும் சேர்ந்துகொண்டான். பழைய கார்களைப் பிரித்து உதிரிகளாக விற்பவன் கீத். அப்பா விட்டுப்போன 1926 டூரர் கார் அண்ணனுக்கும் எனக்கும் பொது. கீத்தின் டிரெய்லர் வரும்போது கார் உருண்டால் அது என்னிடம் இருக்கும், உருளாவிட்டால் கீத்துக்குப் போகும் என்று பேசியிருந்தோம்.

உருளவில்லை. இடது பின்சக்கரத்தின் பிரேக் உள்ளே இறுகிக் கிடந்தது. அதை விடுவிக்க சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கழற்ற வேண்டும். ஹப்போ ஆக்சிலின் கூம்பு முனையைக் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது. போன மாதம் மெர்வ் ஹப்பைப் பிடித்து இழுக்கும் மூன்று கால் புல்லரை பிரேக் டிரம்மின் விளிம்பில் மாட்டி இழுத்தான். ஹப் வரவில்லை. விளிம்புதான் வளைந்தது. செத்துப்போன வண்டி என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் பர்ரா ஊர் வரை போய் கார் கிளப்பில் சரியான புல்லரை இரவல் வாங்கி வந்தேன். அது விளிம்பைத் தொடாது. ஹப்பின் மரையிலேயே தொப்பிபோலத் திருகி ஏறும். நடு போல்ட் ஆக்சில் முனையைத் தள்ளும். இறுக்க வேண்டும், போல்ட் தலையில் ஒரு தட்டு, பிறகு கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைக்க வேண்டும். எந்த நேரத்தில் மனம் மாறுமோ, அது ஹப்புக்கே வெளிச்சம். நேற்றிலிருந்து அதோடு அப்படித்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"அது வராதும்மா," என்றான் கீத். "என் டீயே ஆறிப்போச்சு."

"ஃப்ளாஸ்க்ல இன்னும் இருக்கு, ஊத்திக்க. இந்த வீட்ல உனக்கு டீ மட்டும்தான்."

"உன் தங்கச்சிக்கு வாய் ஜாஸ்தி, மேட்."

"பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்," என்றான் மெர்வ்.

ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் செருகி என் முழு எடையோடு தொங்கினேன். இரும்புக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது, தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல. போல்ட் அதற்குமேல் நகரவில்லை. என் எடை போதவில்லை.

காரை இழுத்து ஏற்ற, கீத் டிரெய்லரின் இழுவைக் கம்பியை அவிழ்க்கத் தொடங்கினான். மெர்வ் அசையவில்லை. முனகல் அவனுக்கும் கேட்டிருந்தது. அவன் விரல் கிரைண்டர் சுவிட்சில்தான் இருந்தது, பார்வை மட்டும் புல்லரில்.

நான் குழாயை விடவில்லை.

"இந்தப் பக்கம் இன்னொருத்தர் பிடிக்க இடம் இருக்கு மெர்வ். அத வச்சிட்டு வந்து தொங்கு. கால் சுத்து போதும்."