ஆட்டின் அறிவு

அந்தமானின் பாராடாங் துறையில் எஞ்சின் நின்றுபோன படகு, டீக்கடை பொன்னுத்துரையின் வெண்பாவைச் சொன்னால் தானே அக்கரை போய்விடும். டீசல் விலை ஏறிய வருடத்திலிருந்து இப்படித்தான். சீருக்குச் சீர் நகரும். பாட்டு முடிந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள், படகு கரை தொடும். வெண்பா இது:

எஞ்சின் இருமிட ஏறிய ஆடெல்லாம்
அஞ்சி இறங்கின அப்போதே - கொஞ்சமும்
வெட்கமின்றி நாமோ விலைகொடுத்துக் காத்திருந்தோம்
எட்டவில்லை ஆட்டின் அறிவு.

பொன்னுத்துரை ஒரு கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் போயிருந்த மாதம், ஊரார் இதைத் துறையில் பலகையாக எழுதி வைத்தார்கள். எழுதியவன் இந்தியில் படித்த பெயின்டர் வெங்கடேஷ். பலகையில் இருந்தபின் அதுதான் சரியென்று ஆயிற்று. மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் அதில் உள்ளபடியே சொல்லப் பழகினார்கள். அதன்பிறகு சில நாள் எஞ்சின் நிற்கவில்லை.

ஐப்பசி மழையில் சுகிர்தாவுக்குப் பிரசவ வலி கண்டது. ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றது. அவளைப் படகில் ஏற்றினார்கள்; பாதி வழியில் எஞ்சின் அணைந்தது. யாரும் பதறவில்லை, பாட்டைச் சொன்னார்கள். கரைக்குப் பத்து முழம் இருக்கையில் படகு நின்றுவிட்டது. மூன்று தடவை சொல்லியும் அசையவில்லை. முதலை இருப்பதால் அங்கே யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. சுகிர்தா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

படகில் இருந்த தமிழ் டீச்சர் மங்கையர்க்கரசி, விரல் மடக்கி அசை பிரித்தார். எஞ்சின், அஞ்சி, கொஞ்சமும்: எதுகை சரி. மோனை சரி. 'அறிவு' வரை தளை எங்கும் தட்டவில்லை. சீர்தான் பதினைந்துக்குப் பதினாறு இருந்தது. கடைசியில் ஒரு 'நன்றி'.

"யாருடா இத சேத்தது?"

வெங்கடேஷும் படகில்தான் இருந்தான். "கடைசி வரில ஜகா காலியா கெடந்துச்சு டீச்சர். பொன்னுத்துரை அண்ணனுக்கு ஒரு நன்றி போட்டேன்."

"வெண்பாவுக்குக் கடைசி அடி மூணு சீர்தான் தம்பி. அந்த எடம் நாம சிரிக்கிறதுக்கு."

திட்ட யாருக்கும் மனம் வரவில்லை. மறுபடி சொல்லி, 'அறிவு' என்று நிறுத்தினார்கள். முதலில் சிரித்தவள் சுகிர்தா, வலியோடு. படகு கரை தொட்டது. போர்ட் பிளேரில் பெண் குழந்தை பிறந்தது, இரண்டே முக்கால் கிலோ.

பலகையில் இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. நன்றியைக் கரை இறங்கியபின் சொல்கிறார்கள். வெங்கடேஷ் இருந்தால் அவனுக்கும் சேர்த்து.