கைமாறிய பின்பாதி

"ஏம்மா, உன் புத்தகத்துக்குத் தலையைக் காணோமே?" என்றாள் எதிர் இருக்கைக்காரி.

ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அந்த அம்மாள் தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் என்பதையும், முட்டிவலிக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை என்பதையும், மருமகன் தங்கமானவன், ஆனால் ரிவர்ஸ் எடுக்க மட்டும் தெரியாதவன் என்பதையும் சொல்லி முடித்திருந்தாள். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டும் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. காரை விட்டு இறங்கினாலும் கால் அதை விடவில்லை.

"பாதிதான் இருக்குக்கா," என்றாள் இவள், பேச்சை வளர்க்க விரும்பாமல்.

"யாராவது கிழிச்சிட்டாங்களா?"

"இல்ல. வெட்டினது."

"வெட்டினதா! புத்தகத்தையா!" அம்மாளின் கால் பிரேக்கை அழுத்தியது.

வெட்டியவன் இவள் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். இவள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அதனால் அவன் இவளுக்கு வைத்த பெயர் ஊசி. இருவருக்கும் கதைப் பைத்தியம், இருவருக்கும் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரே நாவலுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டபோது, அவன் கருவிப் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்து, புத்தகத்தின் நடுத்தையலைத் தேடிப்பிடித்து, சதக்கென்று இரண்டாக்கிவிட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த எந்த நாவலும் முழு உடம்போடு இருந்ததில்லை. முன்பாதியை முடித்தவர் அதை மற்றவரிடம் தந்துவிட்டுப் பின்பாதிக்குப் போக வேண்டும். முன்னால் போகிறவர் முடிவைப் பற்றி மூச்சு விடக் கூடாது. பெருமூச்சு விட்டால்கூட ஆட்டம் செல்லாது.

இந்த நாவலில் அவன்தான் முன்னால் போனான். அவன் முன்பாதியை முடித்து, இரண்டு பாதிக்கும் பழுப்புத்தாள் அட்டை போட்டு மேசைமேல் வைத்த மறுநாள்தான் இவளுடைய அப்பா இறந்தார்.

அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று செய்தி வந்ததும், வேலையிடத்திலிருந்தே கிளம்பிய இவள் வழிநெடுக அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. எங்கோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டதாம். லிஃப்ட் ஏறி இறங்கும் கிணறுபோன்ற குழியில் இறங்கும்போது போனைக் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவது அவன் வழக்கம். கை நழுவி விழுந்தால் கீழே நிற்பவன் மண்டை பிளக்கும் என்பான். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா கடைசியாக வாயசைத்தது, "மாப்பிள்ளை வந்தாச்சா?" என்று கேட்கத்தான். கிரீஸ் படிந்த சட்டையோடு வாசலில் நின்றவனைப் பார்த்து, உறவுக்காரர்கள் அத்தனை பேர் எதிரிலும் இவள் சொன்னாள்: "இனிமே நீ வரவே வேண்டாம்."

அவன் அப்படியே திரும்பிப் போனான். அதன்பின் அவன் எத்தனையோ முறை கூப்பிட்டும் இவள் எடுக்கவில்லை. அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் துணிமணி எடுக்கப் போனவள், தன் பங்கு நாவல் மட்டும் எதற்கு அங்கே கிடக்க வேண்டும் என்று மேசையிலிருந்து அள்ளிவந்தாள். அம்மா வீட்டில் பிரித்துப் பார்த்தால், பாதி வாக்கியத்தில் தொடங்கியது. அட்டை ஒன்றுபோல இருந்ததில் கை மாறிவிட்டது. படித்து முடித்த முன்பாதியை வைத்துக்கொண்டு அவனும், தலை இல்லாத பின்பாதியை வைத்துக்கொண்டு இவளும், ஆளுக்கொரு ஊரில். கடையில் போய் முழுப்புத்தகம் வாங்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

நேற்று நாத்தனார் போனில் சொன்னாள்: "அண்ணி, அண்ணன் நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி வண்டியில கிளம்பறான். எங்கேயோ கோபுரம் மாதிரி கட்டிடமாம், லிஃப்ட் மாட்டற வேலை. ரெண்டு வருஷம்."

இவள் உடனே சீட்டு எடுத்தாள். அவன் வண்டி ஆறு மணிக்குப் புறப்படும். இவள் வண்டி ஆறரைக்குப் போய்ச் சேரும். அந்த அரைமணி நேரத்துக்காகவே இந்த வண்டியைப் பொறுக்கி எடுத்தாள். அவன் முகத்தில் விழிக்காமல் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு, அவன் பின்பாதியை மேசைமேல் வைத்துவிட்டு, சாவியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது கணக்கு.

நாள் முழுக்கப் போகிற ரயில். அம்மாளின் மருமகன் புராணத்திலிருந்து தப்பிக்க இவளிடம் இருந்தது அந்தப் பாதி மட்டும்தான். பிரித்தாள்.

'என்று சொல்லிவிட்டு அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.'

கதையில் அவன் ஒரு தச்சன். உள்ளே அவன் மனைவி. கதவைத் திறக்கமாட்டேன் என்கிறாள். ஏன் என்று இந்தப் பாதியில் எங்கும் இல்லை. அவன் பகலெல்லாம் ஊரார் வீட்டு நாற்காலிகளுக்குக் கால் வைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து படியில் உட்கார்கிறான். கதவைத் தட்டுவதில்லை. கெஞ்சுவதும் இல்லை. ஒரு மழையிரவில் கூரையோரம் ஒழுகும் தண்ணீர் தகரத்தில் விழுந்து சத்தம் போடுகிறது; உள்ளே அவள் தூங்காமல் கிடப்பாள் என்று, தன் தோள்துண்டை மடித்து அந்தத் தகரத்தின்மேல் போடுகிறான். சத்தம் நிற்கிறது. அவன் நனைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான். வெகுநேரம் கழித்துக் கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த சந்து வழியே, மடித்த பாய் ஒன்று மெல்ல வெளியே நீண்டு வருகிறது.

இவளுக்கு எழுத்து மங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாய் வந்துடுச்சா?" என்றாள் அம்மாள், பக்கத்தை எட்டிப் பார்த்து, குரலைத் தணித்து.

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"என் பொண்ணு குடுத்தா. அதைப் படிச்சிட்டு ஒரு வாரம் என்னால வண்டியில ஒழுங்கா உட்கார முடியலை. ஒரு பையன் கம்பத்துல இடிச்சிட்டான், நான் பிரேக் போட மறந்துட்டேன்னா பாரேன். முடிவு இருக்கே..."

"அக்கா! முடிவைச் சொல்லாதீங்க!" பதறிக் கையை நீட்டியவள், தயங்கினாள். "முன்னாடி நடந்ததை மட்டும் சொல்லுங்க. இவன் அப்படி என்ன தப்பு பண்ணினான்?"

அம்மாள் புருவத்தைத் தூக்கினாள். "அது தெரியாமலா அழுதே? அவங்க குழந்தைக்குக் காய்ச்சல். இவ ஆள்மேல ஆள் அனுப்பறா. அவன் அக்கரையில ஒரு வீட்டுக்கு வாசக்கதவு மாட்டிக்கிட்டிருக்கான். அந்த வீட்ல ஒருத்தி கைக்குழந்தையோட தனியா இருக்கா. கதவில்லாத வீட்ல ராத்திரி எப்படிப் படுப்பான்னு, மாட்டி முடிச்சிட்டுக் கிளம்பறான். இங்க வந்து சேர்ந்தா, குழந்தை போயாச்சு." அம்மாள் கையை விரித்தாள். "நான் அந்த இடத்துல புத்தகத்தை வீசி எறிஞ்சேன். பாவி, பாவின்னு திட்டினேன். மீதியைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் படிச்சேன். பாய் வர்ற இடத்துல எல்லாரும் அழுவாங்களாம், எனக்கு ஒரு சொட்டு வரலையே."

இவள் தனக்கும் அந்த ஆத்திரம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. வரவழைக்கவும் முடியவில்லை. குற்றப்பத்திரிகையைப் படிக்கும் முன்பே அந்த ஆளின் நனைந்த முதுகைப் பார்த்தாயிற்று. முறைப்படி முன்பாதியைப் படித்திருந்தால் இவளும்தான் வீசி எறிந்திருப்பாள். எறிந்தாளே, வாசலில் வைத்து, அத்தனை பேர் எதிரில். லிஃப்டில் மாட்டியது யார் என்றுகூடக் கேட்கவில்லையே.

கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கரை. இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்த அந்த அரைமணி நேரம் இப்போது இவளுக்கே எதிராக நின்றது.

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும். அதே மணி. அன்றைக்கு அடித்த அதே மணி. நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"அண்ணி! நீங்களா!"

"உங்க அண்ணன் எங்கே?"

"காலையிலேயே பெட்டியும் கையுமா வேலைக்குப் போயிட்டான். அங்கிருந்தே நேரா ஸ்டேஷனாம். ஊருக்குப் போற அன்னிக்குக்கூட ஸ்பேனரைக் கீழ வைக்க மாட்டான். ஏன் அண்ணி, நீங்க எங்கே இருக்கீங்க?"

"வந்துக்கிட்டிருக்கேன்."

நாத்தனார் அவசரமாகக் கேட்டாள்: "சாமானை எடுத்துட்டுப் போகவா, இருக்கவா?"

இவள் மடியில் கிடந்த பின்பாதியைப் பார்த்தாள். "இருக்க."

"அய்யோ, இதை ஒரு நாள் முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!" என்று நாத்தனார் கத்தியது அம்மாளுக்கும் கேட்டது. அதன்பின் அம்மாளிடம் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவள் நாலே வரியில் சொன்னாள். அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அரைமணி நேரம்தானே? சில நாள் முன்னாடியே வந்துடும்," என்றாள், அந்த ரயிலைத் தானே ஓட்டுகிறவள்போல.

முன்னாடி வரவில்லை. பாலம் ஒன்றைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. டிக்கெட் பரிசோதகரைக் கேட்டால், "சிக்னல்ம்மா. நான் என்ன இறங்கித் தள்ளவா முடியும்?" என்றார். இவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள், திரும்பத் திரும்ப அவனைக் கூப்பிட்டாள். 'போகாதே. பின்பாதி என்கிட்ட இருக்கு, கொண்டு வரேன்' என்று செய்தி அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்தது, யாரும் பார்க்கவில்லை. வெளியே வெளிச்சம் பழுப்பேறியது. வண்டி ஒரு குலுக்கலோடு கிளம்பியது, நகர்ந்தது, ஊரின் முதல் குடோன்கள் தெரியும் இடத்தில் மறுபடி நின்றது. மணி ஆறைத் தாண்டிவிட்டது.

அப்போது பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே ஒரு ரயில் வந்தது.

"அக்கா, அதுதான். அவன் வண்டி!"

ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டு முகத்தைக் கம்பியில் பதித்தாள். விளக்கெரியும் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைக்கெட்டும் தூரத்தில் போயின. சீப்பால் தலை வாரும் ஒருத்தி. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் குடும்பம். ஜன்னலோரம் தலை சாய்த்த நீலச்சட்டைக்காரன், அவனா? இல்லை, மீசை. வேகம் கூடியது. முகங்கள் கலைந்து கோடுகளாயின. இவள் வாய்விட்டுக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று இவளுக்கே கேட்கவில்லை. எதிரே அம்மாளின் வலது கால் தரையை அழுத்திய அழுத்தில் செருப்பு வார் அறுந்தது. அந்த ரயில் நிற்கவில்லை. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு சின்னதாகி மறைந்தது.

"முட்டி வலிச்சாலும் பரவாயில்லைன்னு பிரேக் போட்டேன்ம்மா," என்றாள் அம்மாள், கண் கலங்க.

ஊர் வந்ததும் இவள் இறங்கினாள். அம்மாள் ஜன்னல் வழியே கையை அழுத்திப் பிடித்து, "அடுத்த வண்டியில ஏறி அவன் பின்னாடியே போ. விட்டுடாதே," என்றாள். வண்டி அவளைக் கொண்டுபோனது. மேடையில் கூட்டம் கலைந்து, ஒரு சுமைகூலியும் பெருக்குகிறவளும் மட்டும் மிஞ்சினார்கள். இவள் பெஞ்சில் உட்கார்ந்து, பையில் பணம் எவ்வளவு, அடுத்த வண்டி எப்போது என்று யோசிக்க முயன்றாள். ஒன்றும் ஓடவில்லை.

போன் அடித்தது.

"ஊசி?" அவன் குரல் மூச்சிரைத்தது. "இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. நீ எங்கே இருக்கே? எந்த ஸ்டேஷன் தாண்டியிருக்கே?"

"திட்டக் கூடாது."

"சொல்லித் தொலை."

"வண்டியை விட்டுட்டேன். கிளம்பற நேரத்துல லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. விட்டுட்டு எப்படி வர்றது? இப்பத்தான் பெட்டியைத் தொறந்து போனைப் பார்க்கறேன். நீ அனுப்பினதை இன்னும் படிக்கக்கூட இல்ல..."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. பெருக்குகிறவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"உள்ள மாட்டிக்கிட்டது யாரு?" என்றாள் இவள்.

"என்ன?"

"லிஃப்டுக்குள்ள யாரு இருந்தா?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. "ஒரு பெரியவர். அவரோட நாய். அவர் தைரியமாத்தான் இருந்தார், நாய்தான் ஊளையிட்டு என் உயிரை வாங்கிடுச்சு."

"அன்னிக்கு?"

அவன் பக்கத்தில் எங்கோ ஒரு இரும்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"பல் டாக்டர்," என்றான் மெல்ல. "ஒரே ஒரு ஆள். வெளியில வந்ததும், லேட்டாயிடுச்சுன்னு என்னைத்தான் திட்டினார்."

"பல் டாக்டரா?"

"ஆமா. வேற பெரிய கதையா இருந்தா உன்கிட்ட அப்பவே சொல்லியிருப்பேன். பல் டாக்டருக்காக மாமாவைப் பார்க்காம விட்டேன்னு எந்த வாயால சொல்றது?"

அப்பாவின் வாயசைப்பு நினைவுக்கு வந்தது, வலித்தது. அது இனியும் வலிக்கும். ஆனால் அந்த வலியோடு இந்த ஆளிடம்தான் போக வேண்டும் போலிருந்தது.

"நான் ஸ்டேஷன்லதான் இருக்கேன்," என்றாள். "நம்ம ஸ்டேஷன். மேடையில, பெஞ்சுல."

அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது, ஸ்பேனராக இருக்கும்.

"எதுக்கு வந்தே?" என்று கேட்டான், கேட்கவே பயந்தவன்போல.

"உன் பின்பாதி கைமாறி வந்துடுச்சு. குடுக்க வந்தேன். என் முன்பாதி எங்கே?"

"பெட்டியிலதான் இருக்கு. கொண்டுபோகத்தான் வச்சிருந்தேன்." அவன் ஓடத் தொடங்கிவிட்டான் என்பது மூச்சில் தெரிந்தது. படிக்கட்டில் கருவிப் பெட்டி தடதடத்தது. "ஊசி, நீ அதைப் படிச்சிட்டியா? அந்தத் தச்சன்... அவ கதவைத் தொறந்தாளா இல்லையா?"

இவள் பின்பாதியைப் பிரித்துப் பார்த்தாள். இன்னும் சில பக்கங்கள் இருந்தன.

"மூச்சு விட மாட்டேன்," என்றாள். "வந்து படிச்சுக்கோ."