மடியில் இருந்த சூத்திரம்

குரங்கு என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறது, நான் அசையவில்லை, இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும், பெற்ற மகள் தலையில் கை வைத்துச் சொல்கிறேன், கழற்றியதைத் தானே மாட்டிக்கொண்டு உலகத்தைப் பார்த்தது, பிடிக்கவில்லை போலும், வயிற்று மயிரில் துடைத்து என் மூக்கிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனது, பழனி மலையில், காப்பித் தோட்டங்களுக்கு மேலே, அந்த ஜென் தியான நிலையத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு பேரும் இதற்குச் சாட்சி, ஆனால் அவர்கள் எல்லோரும் விதிப்படி சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து பத்துவரை மூச்சை எண்ண வேண்டும், பத்து வந்ததும் மறுபடி ஒன்று, அவ்வளவுதான் வேலை, முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் படித்தவன் நான், எனக்கு எண் தவறாது, ஆனாலும் ஏழு வரும்போது குமுதவல்லியின் மூச்சு இடையில் நுழைந்துவிடும், திண்டுக்கல்லில் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி என் மனைவி ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து குடம் இழுப்பதைப் போல இழுக்கிறாள், பை தூக்கிக்கொண்டு நான் வாசற்படியில் தயங்கி நிற்கிறேன், போயிட்டு வாங்க, இங்க உக்காந்து என் மூச்சை எண்ணுனது போதும், அங்க போயி உங்க மூச்சை எண்ணுங்க என்கிறாள், ஒரு வாரம் தாங்குவியாடி, என்னைக்கு நான் உங்களைக் கேட்டுக்கிட்டுத் தாங்குனேன், ஆனா கூப்பிட்டா வந்துரணும், வந்துருவேன் என்கிறேன், என்றேன், இப்போதும் என் வாய் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

ஏழு நாள் மௌனம், ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை, கைப்பேசிகளை முதல் நாளே துணிப்பையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள், யார் வீட்டிலிருந்தாவது அவசரச் செய்தி வந்தால் அதை வாயால் சொல்லமாட்டார்கள், ஒரு சீட்டில் எழுதி அவரவர் சூத்திர நூலுக்குள் வைத்துவிடுவார்கள், மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரும் நூலைத் திறந்துதானே ஆகவேண்டும், அந்த வேலை சமையற்கட்டு ரெஜினாவுடையது. மூன்றிலிருந்து நான்குவரை சூத்திரப் படிப்பு, மெல்லிய நூல்தான், எதை எடுத்தாலும் இல்லை என்று மறுத்துக்கொண்டே போகும், உடம்பை மறுக்கும், மனத்தை மறுக்கும், மூப்பையும் சாவையும் கூட விட்டுவைக்காது, முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது, குமுதவல்லியின் மாத்திரை டப்பாவை இவர்களிடம் காட்டவேண்டும் என்று நினைத்தேன், இரண்டாம் நாள் சிரிப்பு வரவில்லை, மூன்றாம் நாள் முழுவதும் மனப்பாடமாகிவிட்டது, எந்த அளவுக்கு என்றால் நான் தூங்கும்போது என் போர்வை அதை ஒப்பித்ததாகப் பக்கத்துப் படுக்கைக்காரர் பின்னால் சொன்னார்.

மனப்பாடம் ஆனவர் நூலை மூடி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பது அங்கே ஒரு பழக்கம், ஒரு மரியாதை என்றும் சொல்லலாம், இருபத்திரண்டு பேர் குனிந்து பக்கம் புரட்டும்போது நான் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், குருவான குணசீலன் மாஸ்டர் தனியறைக்கு அழைத்தார், அங்கே மட்டும் பேசலாம், முழுசும் மனப்பாடமாமே, ஆமாங்க மாஸ்டர், வயசு எழுபத்திமூணு, ஒரு எழுத்து விடலை, சரி, அதுல என்ன பாத்தீங்க, பாக்க என்ன இருக்கு மாஸ்டர், அதுவே எல்லாத்தையும் இல்லைன்னுதானே சொல்லுது, கிளிக்குக்கூட இவ்வளவு பெருமை இருக்காது போங்க என்று மணியை அடித்து என்னை வெளியே அனுப்பினார்.

புதன்கிழமை மாலைதான் முதல்முறையாக எண்ணிக்கை பத்தைத் தொட்டது, இடையில் அவள் மூச்சு வரவில்லை, மறுபடி ஒன்று, மறுபடி பத்து, மூடுபனி உள்ளே வந்து என் பக்கத்துத் திண்டில் அமர்ந்து முதுகை நிமிர்த்தியது, வியாழன் இப்படிப் போகிறது, வெள்ளி இப்படிப் போகிறது, மடியில் நூல், நூலுக்குள் சீட்டு, அதன்மேல் என் இரண்டு கைகள், கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டபடி, முட்டை வடிவில், மாஸ்டர் என் பின்னால் நின்று என் நிலையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மௌனம் கலைந்ததும் ரெஜினா ஈரக் கையோடு ஓடிவருகிறாள், ஐயா, என்னய்யா நீங்க இன்னும் இங்கயே இருக்கீங்க, புதன்கிழமையே உங்க மக பேசுச்சே, சீட்டு வச்சேனே, அன்னைக்கு ராத்திரியிலேருந்து இங்க ஃபோனும் செத்துக் கிடக்கே, சீட்டைப் பாக்கலியா, புத்தகத்தைத் திறக்கவே இல்லம்மா, மனப்பாடம் ஆயிருச்சே என்கிறேன், அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள், எல்லோருக்கும் முன்னால் நூலைத் திறக்கிறேன், அம்மா உங்களைக் கேட்கிறார்கள், உடனே வரவும், வான்மதி. மாஸ்டர் என் காலடியில் நெற்றி தரையில் பட விழுந்தார், தப்பு எங்களோடது என்றார், இனி இங்கே யாரும் நூலை மூடக்கூடாது என்று அன்றே மாற்றினார்கள், அது இன்றுவரை அங்கே விதி. திண்டுக்கல்லில் தலையணைகளை வெயிலில் போட்டிருந்தார்கள், வெள்ளிக்கிழமை விடியற்காலையிலப்பா, அதுவரைக்கும் கேட்டைத் திறக்கிற சத்தம் வந்தாலே வந்துட்டாராம்மா வந்துட்டாராம்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, உங்க மேல தப்பில்லப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மகள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்கிறாள், வந்தவர்கள் எல்லோருக்கும் அவளே சொல்கிறாள், நூல், மனப்பாடம், சீட்டு, விதி என்று, பத்து வருஷமாக நானும் சொல்லிவருகிறேன், கேட்டவர்கள் ஒருவர் விடாமல் எனக்காக உச்சுக்கொட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சீட்டை நான் புதன்கிழமை மத்தியானம் மூன்று பத்துக்கு எடுத்துப் படித்து, இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த பக்கத்திலேயே வைத்தேன்.