ஒத்திகையில் திறக்காத கதவு

புயல் ஒத்திகை என்றால் எங்கள் ஹெட்மாஸ்டர் ராமசந்திரனுக்கு அப்படி ஓர் உற்சாகம். மணி அடிப்பார், விசில் ஊதுவார், பிள்ளைகளை வரிசையாகப் பள்ளி ஹால் வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார். கதவை மட்டும் திறக்க மாட்டார். "வாசல் தெரிந்தால் போதும், மிஸ்" என்பார், இந்தத் தீவுக்காரர்கள் பேசும் கிரியோலில். இதென்ன கூத்து? உள்ளே போகாமல் என்ன ஒத்திகை?

நான் மதுரையிலிருந்து கடல் தாண்டி இந்தத் தீவின் ரோஸ் பெல் ஊருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவள். ஊருக்குப் புதுசு, வாயை அடக்கணும்தான். எங்கே அடங்குது! புயல் வந்தால் எங்கள் பக்கத்துத் தகர வீட்டுச் சனமெல்லாம் அந்த ஹாலில்தான் ஒதுங்கணும். என் வகுப்புக் கண்ணம்மாவின் வீடும் தகரம்தான். அந்தக் குழந்தையை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஹால் ஜன்னல்களில் உள்பக்கமாகக் காகிதம் ஒட்டியிருந்தது. சாயங்காலங்களில் ஸ்வெட்டர் ஃபாக்டரி லாரி பின்பக்கம் வந்து நிற்கும். கேட்டால், "பழைய பெஞ்சுகளை ஏற்றிப் போகிறார்கள்" என்பார். ஏற்றிப்போக வந்த லாரி நிறைந்து வந்து காலியாகவா திரும்பும்? யாருக்குக் காது குத்துகிறார்!

பிப்ரவரியில் ரேடியோ மூன்றாம் புயல் எச்சரிக்கை சொன்னது. ஃபாக்டரி அப்போதுதான் அங்கே வேலை செய்கிற தகர வீட்டுப் பெண்களை வெளியே விட்டது. பிள்ளைகுட்டிகளோடு கொட்டும் மழையில் ஹால் முன்னால் வந்து நின்றார்கள். ஹெட்மாஸ்டர் சாவியைத் தேடுகிற மாதிரி நடித்தார். அவர் கையிலிருந்தே பிடுங்கித் திறந்தேன்.

தரையிலிருந்து கூரைவரைக்கும் ஃபாக்டரி அட்டைப்பெட்டிகள். கால் வைக்க இடமில்லை.

"அடப்பாவி! பிள்ளைகள் ஒதுங்குகிற இடத்தைக் குடோனாக வாடகைக்கு விட்டிருக்கிறாயே!" என்று தமிழிலேயே கத்தினேன். பாதியாவது புரிந்திருக்கும். பெண்களைப் பார்த்து, "தூக்கி வெளியே போடுங்கம்மா!" என்று சாடை காட்டினேன்.

ஒருத்தியும் அசையவில்லை. கண்ணம்மாவின் அம்மா சிவகாமிதான் மெதுவாகச் சொன்னாள்: "நாங்கள் பின்னினது, மிஸ். நனைந்தால் எங்களுக்கு வேலை போய்விடும்."

"பிள்ளை நனைகிறதே, அது கண்ணுக்குத் தெரியலையா?" ஆத்திரம் தாங்காமல் முதல் பெட்டியை நானே இழுத்து மழையில் தள்ளினேன்.

சிவகாமி ஓடி வந்தாள். கைகொடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். மகள் தலையில் போர்த்தியிருந்த பிளாஸ்டிக்கை உருவி, அந்தப் பெட்டியின் மேல் போட்டு மூடினாள்.