வளைவில் வந்த வாடை

மேட்டுச் சாலையின் மூன்றாவது வளைவில் தையல்காரியின் மூக்கில் பெட்ரோல் வாடை குப்பென்று ஏறியது.

"என்னங்க, பெட்ரோல் நாறுது."

"இப்பதானே டேங்க் நிரப்பினோம். கையில பட்டிருக்கும்" என்றார் கணவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு மோப்பமே போய்விட்டது. பால் கருகினாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். படுக்கையும் அடுப்பும் குட்டி ஃப்ரிட்ஜும் இருக்கிறதென்று ஆசைப்பட்டு, அந்தப் பழைய கேம்பர் வேனைப் போன மாதம்தான் வாங்கியிருந்தார். அதைக் குறை சொன்னால் முகம் சுண்டிப்போகும்.

அவள் கையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு மணம்தான். சமதளத்தில் வாடை சற்று அடங்கியது. அடுத்த வளைவில் தொண்டையை அடைத்தது.

"அம்மா, தலை சுத்துது" என்று பின்னால் படுக்கையிலிருந்து மகளின் குரல் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஃப்ரிட்ஜ் நினைவுக்கு வந்தது. அது கேஸில் ஓடுவது. அதன் அடியில் விரல் நுனியளவு நீலச் சுடர் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும், மகளின் தலைக்கு நாலடி தள்ளி.

"நிறுத்துங்க! பாப்பாவைத் தூக்கிட்டு ஓடுங்க!"

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் வண்டியை ஓரங்கட்டி, மகளை வாரிக்கொண்டு ஓடினார். தையல்காரி வெளிப்பக்கமாகச் சுற்றிப்போய் சிலிண்டர் கதவைத் திறந்தாள். வால்வை எந்தப் பக்கம் திருப்புவது? வீட்டில் நாள் தவறாமல் திருப்புகிற கைக்கு அன்று மறந்துபோனது. ஒரு பக்கம் அசையவில்லை. மறுபக்கம் முழு பலத்தோடு திருகினாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்த காற்றுச் சல்லடை வழியாகக் குனிந்து பார்த்தாள். சுடர் சுருங்கி, ஒருமுறை துடித்து, அணைந்தது. வண்டியை விட்டுத் தள்ளிப்போய்த் தன் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் மெக்கானிக்.

"அக்கா, சாவியைத் தொடாதே. லைட் கூடப் போடாதே. வண்டிக்கு அடியில சொட்டுதா?"

"இல்லடா, காஞ்சு கிடக்கு. மேட்டுலயும் வளைவுலயும்தான் நாறுது."

"அப்ப ஓட்டை அடியில இல்ல, மேல. டேங்க் நிறைஞ்சிருந்தா, வண்டி சாயும்போது பெட்ரோல் மேலேறி வழியும். ஊத்துற வாயிலேர்ந்து டேங்குக்கு ஒரு ரப்பர் குழாய் போகும். படுக்கைக்குப் பக்கத்துல பலகைக்குப் பின்னால பாரு. முதல்ல கதவெல்லாம் திறந்து வெச்சு, காத்து நல்லா போகட்டும்."

அரைமணி நேரம் காத்திருந்தார்கள். "நான் போறேன்" என்று கணவர் எழுந்தார்.

"உங்களுக்கு நாத்தம் தெரியாதே. நெருப்பு பிடிச்சாத்தான் தெரியும்."

அவர் மகளிடமே உட்கார்ந்துகொண்டார். அவள் வண்டிக்குள் ஏறினாள்.

பகல் வெளிச்சத்திலேயே பலகையைக் கையால் நெம்பி எடுத்தாள். கறுத்து இறுகிய ரப்பரில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதன் கீழே மெத்தையின் ஓரம் நனைந்திருந்தது. மகளின் தலையணை இருந்த ஓரம். அதைத் தொட்ட கையை உடம்போடு ஒட்டவிடாமல் நீட்டிப் பிடித்தபடியே அவள் இறங்கி வந்தாள்.

மாலையில் இழுவை வண்டியோடு தம்பி வந்தான். குழாயை வளைத்துப் பார்த்துவிட்டு, வேனை இழுவையில் பூட்டினான்.

"நீ சொன்னப்பவே நான் நிறுத்தியிருக்கணும்" என்றார் கணவர். "ஆமா" என்றாள் அவள்.

இரண்டு நாளில் புதுக் குழாய் போட்டு வண்டி வந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் மகளைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் மூச்சை இழுத்துப் பார்த்தாள். எந்த வாடையும் இல்லை. ஆனாலும் வாசலில் வண்டி நின்ற பிறகுதான் அவள் பிடி தளர்ந்தது.