இரண்டு கைப் பொத்தான்

…ஆனால் கட்டையைச் செருகியது அந்தோனிதாசன் மட்டுமில்லையே, சிவானந்தனும்தான் செருகினான், இந்தப் பாண் பேக்கரிக் கொம்பனியில் லொறி ஓடுகிற தமிழர் எல்லோருமே இந்த வசந்தம் முழுக்கச் செருகினார்கள், இதை டெனிஷில் எப்படிச் சொல்வது, சொன்னால் யார் நம்புவான்… இக்காஸ்ட் நகரத்தில் கடைசிக் கடைக்கும் பாண் இறக்கிவிட்டுச் சிவானந்தன் வெறும் லொறியோடு டிப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ஹென்னிங் காத்திருப்பான், முதலாளி, வேலைப் பாதுகாப்பு அலுவலகத்து ஆள் வருமுன் ஒரு கோப்பி குடிப்போம் வா என்று காலையிலேயே போன் எடுத்துச் சொன்னான், கோப்பிக்காகவா கூப்பிடுகிறான்… லொறியின் பின்னால் இருக்கிற இரும்புத் தட்டு, பாண் தள்ளுவண்டிகளை ஏற்றி இறக்குகிற லிஃப்ற், அதற்கு இரண்டு பொத்தான்கள், இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தால்தான் அசையும், கை இரண்டும் பொத்தானில் இருந்தால் ஆள் தட்டுக்கு எட்டவே நிற்பான் என்று யோசித்துச் செய்த சாமான். செய்தவனுக்கு வன்னியில், யுத்தத்துக்குள், சொந்தக்காரர் இல்லை. அங்கே இருக்கிற எங்கள் ஆட்கள் பங்கருக்குப் பக்கத்தில் யாருடையதோ செய்மதிப் போனுக்கு வரிசையில் நின்று எடுப்பார்கள், நாலு வார்த்தை, எடுக்கத் தவறினால் போனதுதான், திருப்பி எடுக்க நம்பர் கிடையாது… ஆகவே ஒரு பொத்தானில் மரக்கட்டை, மற்றதில் ஒரு கை, மிச்சக் கை காதில்.

அந்தோனிதாசனுக்கும் போன கிழமை அப்படித்தான் போன் வந்தது, ஒரு கையால் எடுத்தான், தட்டு தானாக இறங்கியது, வலது பாதம் அதற்குக் கீழே நசுங்கியது. தானாக இறங்கியது, அதுதான் விஷயம், கட்டையா அதை இறக்கியது? அந்த லிஃப்ற் பனிக்காலத்தில் இருந்தே எண்ணெய் ஒழுகுகிறது, தொய்ந்து தொய்ந்து விழுகிறது. சிவானந்தன்தான் சாரதிகளின் பாதுகாப்புப் பிரதிநிதி, வாயில்லாப் பூச்சி, கரைச்சல் தரமாட்டான் என்று எல்லோருமாகத் தெரிந்தெடுத்தது, அவனே போய் ஹென்னிங்கிடம் சொன்னான், பார்ப்போம் என்றான் ஹென்னிங். இரண்டாம் தரம் சொல்லப் போன அன்று யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கோப்பன்ஹேகனில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு லீவும் கேட்கவேண்டியிருந்தது, முதலில் லீவைக் கேட்டான், போ, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போ என்று தோளில் தட்டினான் அந்த மனிதன், அதற்குப் பிறகு எந்த வாயால் லிஃப்ற்றைப் பற்றிக் கேட்பது… கேட்காமலே வந்துவிட்டான். டெனிஷ்காரன் என்றால் லீவு வேறு லிஃப்ற் வேறு என்று இரண்டையும் கேட்டுவிட்டு வந்திருப்பான். இப்போது வாயைத் திறந்தால் கட்டையின் கதையும் வெளியே வரும், அவனுடைய கட்டையும்தான், ஆப்பிழுத்த குரங்கின் நிலைமை. ரேடியோவில் உதைபந்தாட்டத்துக்கும் காலநிலைக்கும் நடுவில் இலங்கையில் யுத்தம் முடிந்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். முடிந்துவிட்டதாம். அக்கா ராசமலர் கடைசியாக எடுத்தது சித்திரையில், தண்ணி இல்லையடா என்றாள், பிறகு இரைச்சல்… அக்கா எங்கே, இருக்கிறாளா, இதையெல்லாம் அந்த ரேடியோக்காரி சொல்லவில்லை, ஜூட்லாந்தில் மழை என்றாள்.

ஹென்னிங் தானே கோப்பி ஊற்றித் தந்தான். அக்காவைப் பற்றி ஏதாவது தெரியுமா என்றான், இல்லை என்றான் சிவானந்தன். பிறகுதான் ஹென்னிங் மெதுவாகத் தொடங்கினான், அந்தோனி போனில் நின்றான், பொத்தானில் கட்டை இருந்தது, இவை உண்மைதானே, இவற்றை மட்டும் சொன்னால் போதும், லிஃப்ற் பழுது என்ற பேச்சை நீயாக எடுக்கத் தேவையில்லை. "அந்தோனியின் வேலை?" என்று கேட்டான் சிவானந்தன். "பாதுகாப்பு விதியை மீறியவனை நான் வைத்திருக்க முடியாது" என்றான் ஹென்னிங், மேசையின் குறுக்கே கையை நீட்டி இவன் கையைப் பிடித்தான், "பார், அங்கே உன் சனத்துக்கு நடந்ததற்கு முன்னால் ஒரு பாதம் என்ன பெரிதா?" கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை, மெய்யாகவே கலங்கியிருந்தது.

சிவானந்தனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது, யாருடைய சாவை எடுத்து எதை மூடுகிறான் இவன்… என்று நினைத்து முடிக்குமுன் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. அந்தோனிதாசனின் மனைவி மேரிசெலின், அறைக்கு வெளியே, கையில் அவனுடைய ஒற்றைச் சப்பாத்து. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு எண்டு நினை தங்கச்சி, அங்க சனம் படுற பாட்டுக்கு இது ஒரு காயமே?" என்று சொன்னவன் இவன்தான், ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தலைப்பாகை இல்லை அண்ணை, அது அவரின்ர கால்" என்றாள். அப்போது அவனுக்குக் கோபம்தான் வந்தது, ஊரே செத்துக்கொண்டிருக்க இவளுக்கு ஒரு கால் என்று. ஹென்னிங் சொன்னதில் புதிதாக ஒன்றுமில்லை, அதே வார்த்தை, அதே இரக்கம், டெனிஷில்… எப்போதிருந்து இப்படி ஆனேன், இனி எவ்வளவு பெரிய காயம் என்றால் எனக்குக் காயமாகத் தெரியும்? வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பாதுகாப்புப் பிரதிநிதி யார் என்று கேட்டபடி வேலைப் பாதுகாப்பு அலுவலகத்துப் பெண் உள்ளே வந்தாள், ஹென்னிங் இன்னும் அவனுடைய கையை விடவில்லை.