உயர்ந்த இடமும் தாழ்ந்த இடமும்

இராஜாக்கமங்கலத்துக்குச் சற்று வடக்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த அந்தக் கிறிஸ்தவச் சபையில், இங்கிலீஷ் தெரிந்தவன் எலிசா ஒருவன்தான். நாகர்கோவிலில் பள்ளி இறுதி வகுப்பில் தேறிவிட்டு வேலைக்குக் காத்திருந்தான். ஊரில் யாருக்குத் தந்தி வந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரர் வந்தால் அவன்தான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லுவான். அப்போதெல்லாம் அவன் குரலே வேறு மாதிரி ஆகிவிடும்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு மிஷனைச் சேர்ந்த வெள்ளைக்கார மிசியம்மா வந்திருந்தாள். நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளின் விடுதியை நடத்தியவள். சீமையிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. தமிழ் இன்னும் நாக்கில் ஏறியிருக்கவில்லை. விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்று அலைந்து, கடைசியில் இந்தச் சபையின் பூங்கனியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பூங்கனி இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். அண்ணன் ரசலையன் வீட்டில் இருந்து லேஸ் பின்னினாள். மாலையில் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். பண்டிகை ஆராதனையில் அவளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். வெள்ளைச் சேலையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, வெட்கத்தோடு எழுந்து நின்றாள்.

மிசியம்மா சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் சொன்னாள்: இப்படி ஒருத்திக்காக "ஹை அண்ட் லோ" தேடினோம், அவளை இங்கே கண்டோம்.

ஹை என்றால் உயர்வு, லோ என்றால் தாழ்வு. எலிசா யோசிக்கவே இல்லை. வேதப்புத்தகத்து வசனம் போல அழகாக வரவேண்டும் என்று மட்டும் நினைத்தான். குரலை உயர்த்திச் சொன்னான்: "உயர்ந்தவர்களிடத்தில் தேடினோம், கிடைக்கவில்லை. தாழ்ந்தவர்களிடத்தில் இறங்கி வந்து தேடினோம், இதோ, கண்டுகொண்டோம்!"

தாழ்ந்த சாதிப் பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது என்றிருந்த காலத்தில், போட்டதற்காகத் தெருவில் அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பூங்கனி மெல்ல உட்கார்ந்தாள். ரசலையன் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். மிசியம்மா மட்டும் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றாள்.

மத்தியானம் சபையை நடத்தும் உபதேசியார் சத்தியநேசன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு எழுந்த மிசியம்மா தன் குடையைக் காணவில்லை என்றாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள், பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு எலிசாவிடம், குடைக்காக "ஹை அண்ட் லோ" தேடிவிட்டேன் என்றாள்.

குடையில் ஏது உயர்ந்த குடை, தாழ்ந்த குடை? எலிசா அவளிடமே அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான்.

"எங்கும்தான். ஒரு இடம் விடாமல்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவள் மறுபடி குனிந்து தேடப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ரசலையன் வாசலில் வந்து நின்றான். "ஏலே எலிசா, சொல்லு அந்த அம்மாகிட்ட. என் தங்கச்சி வரமாட்டா. தாழ்ந்த எடத்துல பொறுக்கி எடுத்த ஆளா போயி நிக்க அவளுக்கு மனசில்ல."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் போதும். ஆனால் உபதேசியார் நிற்கிறார், அவர் வீட்டார் நிற்கிறார்கள். இங்கிலீஷ் படித்தவன் என்கிற பெயர் அந்த நிமிஷமே போய்விடும். எலிசா மிசியம்மாவிடம், பூங்கனியை அனுப்ப அண்ணனுக்கு இஷ்டமில்லை என்று மட்டும் சொன்னான். அவள் முகம் வாடியது. ஏன் என்று கேட்டாள். குடும்பக் காரியம் என்றான்.

ரசலையன் அவனையே உற்றுப் பார்த்தான். "கோயில்ல அந்த அம்மா அப்படித்தானலே சொன்னா? நீ ஒண்ணும் கூட்டிச் சொல்லல்லியே?"

"ஆமா அண்ணே. அப்படித்தான் சொன்னாங்க."

முதலில் செய்தது பிழை. இது பொய். இரண்டுக்கும் உள்ள தூரம் அன்று சாயங்காலமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. கொட்டாரம் சந்தைக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. "வெள்ளைக்காரியும் நம்மள அப்படித்தான் நெனைக்கா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். எலிசா வாழைக்குலைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். பூங்கனி எதிரே வந்தபோது வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கி நடந்தான். தந்தி வாசிக்க வீட்டுக்கு ஆள் வந்தபோது காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான்.

தாங்க முடியாமல் உபதேசியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? சபைக்கு முன்னாலல்லா சொன்னே. அங்கயே சொல்லு" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னான். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "அந்த அம்மா சொன்னது மேல கீழ எங்கயும் தேடுனோம்னு அர்த்தம். ஒரு மாட்டத் தேடுனாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. நான் தப்பாச் சொன்னேன். தெரிஞ்ச பொறவும் மறைச்சேன்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரசலையன் நம்பவில்லை. "வெள்ளைக்காரிகிட்ட வேலைக்குக் காத்துக் கெடக்கான்லா, அவளுக்காகப் பேசுகான்" என்றான்.

வேறு வழியில்லாமல் எலிசா நாகர்கோவிலுக்கு நடந்து போய், மிசியம்மாவிடமே சொன்னான். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் வில்வண்டியில் வந்து, நேரே ரசலையன் வீட்டு முற்றத்தில் இறங்கினாள். எலிசாவைக் கூப்பிடவில்லை. அவன் வேலிக்கு வெளியே நின்று கேட்டான். "நான் எங்கும் தேடினது. எல்லா ஊர் தேடினது. பூங்கனி அம்மாளைப் போல் ஆள் இல்லை. மன்னிக்க வேணும்" என்று அவள் உடைந்த தமிழில், வியர்த்து வடிய, சொல்லி முடித்தாள். ரசலையன் நாற்காலியை எடுத்துப் போட்டு, தோளில் கிடந்த துண்டால் துடைத்தான்.

பூங்கனி விடுதிக்குப் புறப்பட்ட அன்று, எலிசா அவளுடைய தகரப்பெட்டியை வண்டியில் தூக்கி வைத்தான். "அக்கா, என்ன மன்னிக்கணும்" என்றான்.

"வார்த்த தெரியாம போறது ஒரு குத்தமா மக்கா? அது யாருக்கும் வரும்." அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கேன். அந்த அம்மா மேல கீழன்னுதான் சொன்னாங்க. இறங்கி வந்தோம்னு சொல்லல்ல. நம்ம ஆளுவளப் பாத்ததும் ஒனக்கு ஏன் அது தோணிச்சு?"

வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். வண்டி தோப்பைத் தாண்டும் வரை எலிசா தலை குனிந்தபடியே நின்றான்.